தோற்ற ராட்சசர்களுக்கு உயிர் கொடுத்தவர்... 'கிங் காங்' வில்லிஸ் ஓ'பிரையனின் கதை!

போக்கிமான் பார்த்து வளர்ந்த ஆளா நீங்க? அப்போ இந்த சீன் உங்களுக்கு மனப்பாடமாவே இருக்கும். ரெண்டு போக்கிமான்கள் மோதும். மின்னல், நெருப்பு, தண்ணீர் எல்லாம் பறக்கும். புகை அடங்கினதும் பார்த்தா, ஒண்ணு தரையில் மல்லாந்து கிடக்கும். கண்ணு ரெண்டும் சுருள் சுருளா மாறியிருக்கும். நடுவர் கையைத் தூக்குவார். வளர்த்தவர் அதைப் பந்துக்குள்ள திரும்ப அழைச்சுக்குவார். அவ்வளவுதான், தோல்வி முடிஞ்சது. ரத்தமும் இல்லை, சாவும் இல்லை. போக்கிமானை உருவாக்கிய சடோஷி தஜிரி திட்டமிட்டே எடுத்த முடிவு இது. தோற்கிற உயிரினம் மயங்கணுமே தவிர சாகக் கூடாது, குழந்தைகள் தோல்வியையும் சாவையும் ஒண்ணா நினைச்சுடக் கூடாதுன்னு அவர் கவனமா இருந்தார்.

ஆனா, திரையில் உருவாக்கின ஒரு மிருகம் தோற்கிறதை எப்படிக் காட்டுறதுங்கிற கேள்வி அதைவிட ரொம்பப் பழசு. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், ஒரு சாண், ஒன்றரை அடி பொம்மைகளை வெச்சுக்கிட்டு, அந்தக் கேள்விக்கு விதவிதமா பதில் தேடினார் ஒரு மனுஷன். பெயர், வில்லிஸ் ஓ'பிரையன். நண்பர்களுக்கு ஓபி. 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தின் குரங்குக்கு உயிர் கொடுத்தவர் இவர்தான். திரையில் அத்தனை தோல்விகளைச் செதுக்கிய அந்த மனுஷனோட வாழ்க்கையிலும் தோல்விக்குப் பஞ்சமே இல்லை.

9 வெற்றி, 1 தோல்வி

1886 மார்ச் 2-ம் தேதி, அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் ஓக்லாண்ட் நகரில் பிறந்தார் ஓபி. 11 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிட்டார். அதுக்கப்புறம் அவர் பார்க்காத வேலை இல்லை. மாட்டுப் பண்ணையில் வேலை, ஃபேக்டரியில் வேலை, காட்டில் பொறி வெச்சு விலங்கு பிடிக்கிற வேலை, மதுக்கடையில் ஊத்திக் கொடுக்கிற வேலை, கௌபாய் வேலை. ஒரு கட்டத்தில், புதைபடிவங்களைத் தேடி வந்த ஆராய்ச்சியாளர்களுக்கு வழிகாட்டியா போனார். டைனோசர் மேல பைத்தியம் பிடிச்சது அங்கேதான்.

அப்புறம் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வரைபடம் போட்டார். சான் ஃபிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்றில் விளையாட்டு கார்ட்டூனிஸ்ட் ஆனார். நடுவில் குத்துச்சண்டை மேடையிலும் ஏறினார், அதுவும் தொழில்முறை வீரரா! முதல் 9 சண்டைகளிலும் ஜெயிச்சார். பத்தாவதில் தோத்தார். அத்தோடு கையுறையைக் கழற்றி வெச்சுட்டு ஒதுங்கிட்டார்.

இந்த விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. அடி வாங்குறதுன்னா என்னன்னு உடம்பாலேயே தெரிஞ்ச ஒருத்தர், பின்னாளில் பொம்மைகளை அடி வாங்க வைக்கப் போறார்.

ரயில்வே வேலை, நில அளவை வேலையெல்லாம் பார்த்துட்டு பளிங்குச் சிற்பி ஆனார் ஓபி. அந்தப் பட்டறையில் நடந்ததா ஒரு கதை சொல்வாங்க. வேலை இல்லாத நேரத்தில் களிமண்ணில் ஒரு குத்துச்சண்டை வீரரைச் செஞ்சார் ஓபி. கூட வேலை பார்த்தவர் இன்னொண்ணு செஞ்சார். ரெண்டு பேரும் அந்தப் பொம்மைகளை மோதவிட்டு விளையாடினாங்க. அப்போதான் ஓபிக்குப் பொறி தட்டியது: இதைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, ஒவ்வொரு அசைவையும் கேமராவில் எடுத்தா, பொம்மை தானாவே சண்டை போடுற மாதிரி இருக்குமே!

இதுதான் ஸ்டாப் மோஷன். பொம்மையை ஒரு நூலளவு நகர்த்தணும், ஒரு ஃப்ரேம் எடுக்கணும். திரும்ப நகர்த்தணும், திரும்ப எடுக்கணும். பேசும் படத்துக்கு விநாடிக்கு 24 ஃப்ரேம். அப்போ ஒரு நிமிஷச் சண்டைக்கு 1,440 ஃப்ரேம். நடுவில் கை தவறினா போச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

முதல் படம்... முதல் பிணம்

1915-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே கட்டடக் கலைஞரின் உதவியாளரா இருந்த ஓபி, செய்திப்பட கேமராமேன் ஒருத்தரைத் துணைக்கு வெச்சுக்கிட்டு ஒரு டைனோசரையும் ஒரு குகை மனிதனையும் அசைய வெச்சார். ஒன்றரை நிமிஷம் ஓடுற சோதனைப் படம். அதைப் பார்த்த ஹெர்மன் வோபர்ங்கிற திரையரங்குத் தொழில் புள்ளி, 5,000 டாலர் கொடுத்து ஒரு முழு குறும்படம் எடுக்கச் சொன்னார். 'தி டைனோசர் அண்ட் தி மிஸ்ஸிங் லிங்க்' உருவானது இப்படித்தான்.

சில நிமிஷங்களே ஓடுற காமெடி அது. அதில் வைல்டு வில்லின்னு ஒரு குரங்கு மனிதன் வரும். டைனோசரோடு மோதி செத்துப்போகும். அப்புறம் அந்தப் பக்கமா வர்ற ஒரு குகை மனிதன், கிடக்கிற உடம்பைப் பார்த்துட்டு, நான்தான் இதைக் கொன்னேன்னு பந்தா காட்டி எல்லாரையும் நம்பவெச்சுடுவான்.

கவனிச்சீங்களா? ஓபியோட முதல் படத்திலேயே ஒரு குரங்கு சாகுது. அதோட, உழைக்காத ஒருத்தன் பேர் வாங்கிட்டுப் போறான். முதல் விஷயம் 'கிங் காங்'கில் திரும்ப வரும். ரெண்டாவது, ஓபி வாழ்க்கையிலேயே நடந்தது.

எடிசன் கம்பெனி அந்தப் படத்தை வாங்கி வெளியிட்டு, ஓபியையும் வேலைக்கு எடுத்துக்கிட்டது. சில குறும்படங்களுக்குப் பிறகு அந்த வாய்ப்பு முடிஞ்சதும், ஹெர்பர்ட் டாலி என்பவரோடு சேர்ந்து 'தி கோஸ்ட் ஆஃப் ஸ்லம்பர் மவுன்டன்' எடுத்தார். டைரனோசரஸும் டிரைசெராடாப்ஸும் மோதிக்கிற சண்டை இதில் உண்டு. சில ஆயிரம் டாலரில் எடுத்த படம், 1 லட்சம் டாலர் வரை வசூலிச்சதா கணக்கு சொல்றாங்க. ஆனா டாலி, படத்தை வெட்டிக் குறைச்சதோடு, பெருமை மொத்தத்தையும் தன் கணக்கில் எழுதிக்கிட்டார். முதல் படத்துக் குகை மனிதன் நிஜத்தில் வந்து நின்ன மாதிரி!

விழுந்தும் சாகாத டைனோசர்

அடுத்த வாய்ப்பு பெருசா வந்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைச்ச ஆர்தர் கானன் டாயில் எழுதிய 'தி லாஸ்ட் வேர்ல்டு' நாவலைப் படமாக்குற வேலை. 1922 ஜூன் மாசம், நியூயார்க்கில் மேஜிக் கலைஞர்கள் சங்கம் கொடுத்த விருந்தில், ஓபியின் சோதனைக் காட்சிகளைத் திரையிட்டார் டாயில். எப்படி எடுத்ததுன்னு ஒரு வார்த்தைகூட சொல்லலை. அடுத்தவங்களை ஏமாத்துறதையே தொழிலா வெச்சிருந்த மேஜிக்காரர்கள் வாயைப் பிளந்துட்டாங்க. மறுநாள் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அது பெரிய செய்தி. இது என் தொழில்நுட்பம்னு சொல்லி வழக்கு மிரட்டலோடு கிளம்பினார் டாலி. அதையும் தாண்டி 1925-ல் படம் வெளியானது.

இந்தப் படத்துக்குப் பொம்மை செஞ்சவர் மார்செல் டெல்காடோ. ஓவியப் பள்ளியில் படிச்சுக்கிட்டு இருந்த இளைஞரைக் கண்டுபிடிச்சு ஓபிதான் கூட்டிட்டு வந்தார். டெல்காடோ பொம்மைகளுக்கு உள்ளே உலோக எலும்புக்கூடு வெச்சார். அதுக்கு மேல பஞ்சும் ரப்பரும் வெச்சு தசைகள் கட்டினார். சில பொம்மைகளுக்குள்ள ஒரு காற்றுப்பையும் வெச்சார். அதில் காத்தை ஏத்தி இறக்கினா, மிருகம் மூச்சு விடுற மாதிரி விலா எழும்பி இறங்கும்.

இந்த மூச்சுதான் முக்கியம். சும்மா நிக்கிற மிருகம் மூச்சு விட்டாத்தான், அது உயிரோட இருக்குன்னு நாம நம்புவோம். அப்படி நம்பினாத்தான், அது விழும்போது நமக்கு ஏதாவது ஆகும்.

படத்தில் ஒரு பிரான்டோசரஸும் அல்லோசரஸும் மலை விளிம்பில் மோதும். பிரான்டோசரஸ் தோத்து, விளிம்பிலிருந்து கீழே சேற்றில் விழும். ஆனா சாகாது. அதைப் பிடிச்சு லண்டனுக்குக் கொண்டு போவாங்க. அங்கே தப்பிச்சு, தெருத்தெருவா அலைஞ்சு, பாலத்தை உடைச்சுக்கிட்டு தேம்ஸ் ஆற்றில் விழுந்து, நீந்தியே கடலுக்குப் போயிடும். சண்டையில் தோத்த மிருகத்துக்கும் அதுக்கப்புறம் ஒரு கதை இருக்க முடியும்னு காட்டின படம் அது.

சுட்டுப்போட்ட குட்டி

அடுத்து ஆர்.கே.ஓ ஸ்டுடியோவுக்காக 'கிரியேஷன்'ங்கிற படத்தை ஆரம்பிச்சார் ஓபி. அதிலிருந்து இன்னிக்கு மிஞ்சியிருக்கிற துண்டுக் காட்சி ஒண்ணு இருக்கு. ஒரு குட்டி டிரைசெராடாப்ஸ் விளையாடிக்கிட்டு இருக்கும். துப்பாக்கியோட வர்ற ஒருத்தன், காரணமே இல்லாம அதைச் சுட்டுடுவான். குட்டி துடிச்சு அடங்கும். தாய் வந்து அவனைத் துரத்தும். இங்கே சண்டையே கிடையாது. தோற்கிறதுக்கு ஒரு வாய்ப்புகூட அந்தக் குட்டிக்குக் கொடுக்கலை. அதனாலேயே அந்தச் சில விநாடிகள் பார்க்கிறவங்களை உலுக்கும்.

ஆனா 'கிரியேஷன்' வெளியே வரவே இல்லை. ஸ்டுடியோ அப்போ பணக்கஷ்டத்தில் இருந்தது. எந்தப் படத்தை நிறுத்தலாம்னு பார்க்க வந்த மேரியன் கூப்பர், இதைப் பார்த்துட்டு நிறுத்தச் சொல்லிட்டார். கதைக்கு வேகமே இல்லைங்கிறது அவர் முடிவு. ஒரு வருஷ உழைப்பு பெட்டிக்குள்ள போனது.

ஆனா, படத்தை நிறுத்தின அதே கூப்பருக்கு ஓபியோட தொழில் பிடிச்சுப்போச்சு. அவர் மனசில் ஏற்கெனவே ஒரு ராட்சசக் குரங்கு இருந்தது. அதுக்கு உயிர் கொடுக்க ஆள் கிடைச்சாச்சு!

தாடையை ஆட்டிப் பார்த்த குரங்கு

காங் திரையில் ராட்சசன். நிஜத்தில் சுமார் ஒன்றரை அடி உயரப் பொம்மை. மேலே முயல் ரோமம் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பொம்மையைத் தொட்டுத் தொட்டு நகர்த்தினதால், ரோமம் இங்கேயும் அங்கேயும் கலைஞ்சுக்கிட்டே இருந்தது. திரையில் பார்த்தா காங் உடம்பே சிலிர்க்கிற மாதிரி தெரிஞ்சது. ஐயோ, மாட்டிக்கிட்டோமேன்னு படக்குழு நினைச்சப்போ, கோபத்தில் காங்குக்கு முடி சிலிர்க்குறது அபாரம்னு ஸ்டுடியோ ஆள் ஒருத்தர் பாராட்டினதா ஒரு கதை உண்டு.

இந்தப் படத்தில் காங்கும் டைரனோசரஸும் மோதுற சண்டையை மட்டும் எடுத்து முடிக்க 7 வாரம் ஆனதா சொல்வாங்க. அந்தச் சண்டையை ஒரு தடவை பொறுமையா பாருங்க. காங் ஒரு மிருகம் மாதிரி மட்டும் சண்டை போடாது. முஷ்டியை மடக்கிக் குத்தும். டைனோசரைப் பிடிச்சுத் தூக்கி எறியும். விலகி நிக்கும், வாகு பார்க்கும், திரும்பப் பாயும். குத்துச்சண்டையும் மல்யுத்தமும் கலந்த கலவை அது. 10 தடவை மேடையேறின பழைய ஓபி அந்த ஃப்ரேம்களுக்குள்ள எட்டிப்பார்க்கிறார்.

கடைசியில் காங், டைனோசரின் முதுகில் ஏறி, வாயை ரெண்டு கையாலும் பிடிச்சுப் பிளந்துடும். டைனோசர் சாஞ்சிடும். சாதாரணப் படமா இருந்தா காட்சி இங்கேயே கட் ஆகியிருக்கும்.

ஓபி கட் பண்ணலை. காங் குனியும். செத்த டைனோசரோட தாடையை மெதுவா தூக்கும், விடும். திரும்பத் தூக்கும், விடும். அது தொளதொளன்னு ஆடும். நிஜமாவே செத்துடுச்சான்னு குழந்தை பொம்மையை ஆட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு சின்னச் சந்தேகம். உறுதியானதுக்கு அப்புறம்தான் மார்பில் அடிச்சுக்கிட்டு கர்ஜிக்கும்.

சில விநாடிகள்தான். ஆனா அதில் ரெண்டு வேலை நடந்துடுது. முதலாவது, டைனோசர் தோத்துடுச்சுங்கிறதை வசனமே இல்லாம சந்தேகமில்லாம சொல்லியாச்சு. ரெண்டாவது, காங்குக்கு ஒரு மனசு இருக்குன்னும் காட்டியாச்சு. ஆர்வம், பயம், பெருமை எல்லாம் அதுக்குள்ள இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு ஹீரோ அந்த வழியா போறப்போ, பிணத்து மேல உட்கார்ந்திருக்கும் கழுகு ஒண்ணு பறந்து போகும். அந்தச் சண்டை நடந்த இடத்தை, நடந்து முடிஞ்ச பிறகும் படம் மறக்கலை.

எம்பயர் ஸ்டேட் உச்சியில்

இப்போ கிளைமாக்ஸ். நியூயார்க் எம்பயர் ஸ்டேட் கட்டடம் திறந்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகலை. அதன் உச்சியில் காங். சுத்திலும் துப்பாக்கி பொருத்தின விமானங்கள். காட்டில் எதிரி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தான். இங்கே எட்டாத தூரத்தில் இருந்து சுடுறான். காங் ஒரு விமானத்தை மட்டும் பிடிச்சு வீழ்த்தும். மத்ததெல்லாம் சுட்டுக்கிட்டே இருக்கும்.

ஓபி இங்கே தோல்வியை ஒரேயடியா காட்டலை. படிப்படியா காட்டுறார். முதல்ல காங் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கும். கையில் ரத்தம். இது என்னன்னு புரியாத மாதிரி பார்க்கும். காட்டில் அது ஜெயிச்ச எந்தச் சண்டையிலும் இப்படி ஒரு விஷயம் நடந்ததில்லை. அப்புறம் தள்ளாடும். கீழே வெச்சிருந்த பெண்ணை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்த்துட்டு, பத்திரமா திரும்ப வைக்கும். பிடி நழுவும். விழும்.

ராத்திரியில் இருந்து விடியற வரை ஊரையே நாசம் பண்ணின மிருகம் அது. ஆனா விழும்போது நாம சந்தோஷப்படலை. ஏன்னா, அது தோக்குறது அதுக்கே புரியிற நொடியை நம்மைப் பக்கத்தில் உட்கார்த்தி வெச்சுப் பார்க்க வெச்சுட்டார் ஓபி. அந்த முகத்தில் அசையுறது ரப்பரும் கம்பியும்தான்னு தெரிஞ்சும் தொண்டை அடைக்குது.

படம் நியூயார்க்கில் வெளியான தேதி, 1933 மார்ச் 2. அன்னிக்கு ஓபிக்கு 47-வது பிறந்தநாள்! பொருளாதாரமே படுத்துக்கிடந்த காலம். ஆனாலும் கூட்டம் அலைமோதியது. முதல் 4 நாளிலேயே 90,000 டாலருக்குப் பக்கத்தில் வசூல். ஆஸ்கரா? ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்குன்னு அப்போ ஆஸ்கரில் ஒரு பிரிவே இல்லை.

அந்த அக்டோபர்

காங் ஓடின ஓட்டத்தைப் பார்த்து, அதே வருஷம் 'சன் ஆஃப் காங்' எடுக்க அவசரப்படுத்தியது ஸ்டுடியோ. பட்ஜெட் பாதிக்கும் கீழே. ஓபிக்கு அந்தப் படமே பிடிக்கலை.

அவருக்கும் முதல் மனைவி ஹேஸலுக்கும் கல்யாண வாழ்க்கை ஆரம்பத்தில் இருந்தே சரியா போகலை. பிரிஞ்சு வாழ்ந்தாங்க. ரெண்டு மகன்கள், வில்லியம், வில்லிஸ் ஜூனியர். வில்லியமுக்குக் காசநோயால் பார்வை போயிருந்தது. ஹேஸலுக்கும் உடம்பு சரியில்லை, மனசும் சரியில்லை. பசங்க ரெண்டு பேரும் அப்பாகிட்ட பாசமா இருந்தாங்க. 'சன் ஆஃப் காங்' செட்டுக்கும் வந்துட்டுப் போனாங்க.

சில வாரத்தில், 1933 அக்டோபர் 7-ம் தேதி, ஹேஸல் ரெண்டு மகன்களையும் சுட்டுக் கொன்னுட்டார். தன் உயிரையும் போக்கிக்க முயற்சி செய்து, பிழைச்சு, மறு வருஷம் நோயில் இறந்தார்.

உலகம் முழுக்க ஓபியோட பொம்மையைப் பார்த்துக் கைதட்டிக்கிட்டு இருந்த வருஷம் அது.

'சன் ஆஃப் காங்' டிசம்பரில் வெளியானது. படத்தின் முடிவில் தீவே கடலில் மூழ்கும். காங்கின் மகன், தண்ணிக்குள்ள போய்க்கிட்டே, தன் கையில் இருக்கிற மனுஷனை மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிச்சிருக்கும். அந்த மனுஷன் படகில் ஏறினதும், கை மட்டும் கொஞ்சநேரம் தெரிஞ்சு, அப்புறம் அதுவும் மறைஞ்சிடும். அந்தக் காட்சி எந்தக் கட்டத்தில் எடுத்ததோ, எந்த மனநிலையில் எடுத்ததோ, அதை நாம ஊகிக்க வேண்டாம். ஆனா, விஷயம் தெரிஞ்ச பிறகு அதைச் சாதாரணமா பார்க்க முடியாது.

1934 நவம்பரில் டார்லின் என்பவரைக் கல்யாணம் செய்தார் ஓபி. கடைசிவரை கூடவே இருந்தவர் அவர்தான்.

எடுக்கப்படாத படங்கள்

அடுத்த 15 வருஷம், கிட்டத்தட்ட எல்லாமே நடுவழியில் நின்னுபோன கதைகள்தான். ராட்சசக் கழுகுகள் மேல வீரர்கள் ஏறி நியூயார்க் வானத்தில் சண்டை போடுற 'வார் ஈகிள்ஸ்'... போர் வந்தது, படம் போச்சு. கௌபாய்கள் ஒரு மறைவான பள்ளத்தாக்கில் டைனோசரைக் கண்டுபிடிக்கிற 'குவாங்கி'... ஓவியங்கள், மாடல்கள் எல்லாம் ரெடியான பிறகு ஸ்டுடியோ கைவிட்டது. கௌபாயாவும் இருந்து, டைனோசர் பைத்தியமாவும் இருந்த ஒருத்தரோட சொந்த வாழ்க்கையில இருந்து முளைச்ச கதை அது. எவ்வளவு வலிச்சிருக்கும்!

இதுக்கு நடுவில் ஒரு நல்லது நடந்தது. 13 வயதில் 'கிங் காங்' பார்த்துட்டுத் தூக்கம் தொலைச்ச ஒரு பையன், சில வருஷம் கழிச்சு, தான் செஞ்ச டைனோசர் பொம்மைகளை ஒரு பெட்டியில் அள்ளிப் போட்டுக்கிட்டு ஓபியைத் தேடி வந்தான். பெயர் ரே ஹாரிஹாசன். அவனோட ஸ்டெகோசரஸ் பொம்மையைப் பார்த்த ஓபி, கால்கள் சாசேஜ் மாதிரி இருக்கு, முதல்ல உடற்கூறு படின்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டார். பையன் கோவிச்சுக்கலை. போய் வகுப்பில் சேர்ந்து படிச்சான். பின்னாளில் ஸ்டாப் மோஷன் உலகத்தின் ஜாம்பவான் ஆனார்.

குருவும் சிஷ்யனும் சேர்ந்த படம்தான் 1949-ல் வந்த 'மைட்டி ஜோ யங்'. திரும்பவும் ஒரு ராட்சசக் குரங்கு. ஓபி திட்டமிட்டார், பெரும்பாலான அனிமேஷனை ஹாரிஹாசன் செய்தார். இதில் ஒரு சீன் இருக்கு. இரவு விடுதி மேடையில் ஜோவுக்கும் பயில்வான்கள் கூட்டத்துக்கும் கயிறு இழுக்கும் போட்டி. அந்தப் பயில்வான்களில் ஒருத்தர், நிஜ உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியனா இருந்த பிரிமோ கார்னேரா! கார்னேரா குத்துவார். ஜோவுக்கு ஒண்ணும் ஆகாது. குழப்பமா பார்த்துட்டு, அவரைத் தூக்கித் தண்ணியில் எறிஞ்சிடும். பத்தாவது சண்டையில் தோத்துப் போன பழைய குத்துச்சண்டைக்காரர் இதைத் திட்டமிடும்போது சிரிச்சிருக்க மாட்டாரா என்ன?

அதைவிட முக்கியம் கிளைமாக்ஸ். சட்டம் ஜோவைச் சுட்டுக் கொல்லத் துரத்தும். வழியில் ஒரு அநாதை இல்லம் தீப்பிடிச்சு எரியும். ஜோ எரியுற மரத்தில் ஏறிக் குழந்தையைக் காப்பாத்தும். மரம் முறிஞ்சு விழும். அவ்வளவுதான், முடிஞ்சதுன்னு நாம நினைக்கிறப்போ, ஜோ பிழைச்சுக்கும். கடைசியில் ஆப்பிரிக்காவுக்கே திரும்பிப் போய், நிம்மதியா கையசைக்கும். வைல்டு வில்லி செத்தது, காங் செத்தது, காங்கின் மகனும் செத்தது. இந்த ஒரு குரங்கை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவெச்சாங்க.

அந்தப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கு 1950-ல் ஆஸ்கர் கிடைச்சது. ஆனா வசூல் எதிர்பார்த்த அளவு இல்லை. வேலை வரிசை கட்டி வரும்னு நினைச்சா, வரலை.

கடைசிச் சண்டை

1950-களில் சின்னச் சின்ன பட்ஜெட் படங்கள்தான் கிடைச்சது. 'தி பிளாக் ஸ்கார்ப்பியன்' படத்தில் ராட்சசத் தேள்கள் மோதிக்கிறது மாதிரியான காட்சிகளில் பழைய கைவண்ணம் தெரியும். 1960-ல் 'தி லாஸ்ட் வேர்ல்டு' மறுபடி எடுத்தப்போ ஓபியையும் வேலைக்கு எடுத்தாங்க. ஆனா ஸ்டாப் மோஷனுக்குச் செலவாகும்னு, நிஜப் பல்லி, உடும்பு வகைகளுக்குக் கொம்பு, செதில் ஒட்டி டைனோசரா நடிக்கவெச்சாங்க. 38 வருஷத்துக்கு முன்னாடி மேஜிக்காரர்களையே ஏமாத்தின மனுஷன் ஓரமா நின்னு பார்த்தார்.

கடைசியா ஒரு கதை எழுதினார். கிங் காங்கும், ஃபிராங்கன்ஸ்டைன் வழியில் உருவான ஒரு ராட்சசனும் சான் ஃபிரான்சிஸ்கோவில் மோதுற கதை. ஓவியங்களும் வரைஞ்சார். ஜான் பெக் என்கிற தயாரிப்பாளர் கைக்கு அது போனது. அவர் ஓபிக்குத் தெரியாமலே ஜப்பானின் டோஹோ ஸ்டுடியோவுக்குக் கொண்டு போனார். அங்கே ராட்சசன் மாறினான். 1962 ஆகஸ்ட்டில் வெளியான படத்தின் பெயர், 'கிங் காங் வெர்சஸ் காட்ஸில்லா'. ஓபி பெயர் அதில் இல்லை. வழக்குப் போட அவரிடம் பணமும் இல்லை.

அந்தப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் இயக்குநர் எய்ஜி சுபுராயா. இதில் வேடிக்கை என்னன்னா, இளமையில் 'கிங் காங்' பார்த்து மெய்மறந்துதான் அவர் இந்தத் தொழில் மேல ஆசைப்பட்டார்! பின்னாளில் 'அல்ட்ராமேன்' உருவாக்கியவரும் அவரே. 'அல்ட்ராமேன்' பார்த்து வளர்ந்த ஒரு ஜப்பான் சிறுவன்தான் போக்கிமான் படைச்ச சடோஷி தஜிரி. காங் உடைச்ச தாடையில் இருந்து பிகாச்சுவின் சுருள் கண்கள் வரைக்கும், இப்படி ஒரு வழி போகுது.

1962 நவம்பர் 8-ம் தேதி, லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார் ஓபி. வயது 76. அப்போதும் ஒரு நகைச்சுவைப் படத்துக்கான அனிமேஷன் வேலையில்தான் இருந்தார். 7 வருஷம் கழிச்சு, அவர் எடுக்க முடியாத 'குவாங்கி'யை, 'தி வேலி ஆஃப் குவாங்கி'ங்கிற பெயரில் ஹாரிஹாசன் எடுத்து முடிச்சார். 1997-ல், அனிமேஷன் துறையின் ஆனி விருதுகளில் ஒன்றான வின்சர் மெக்கே விருது, இறந்து 35 வருஷம் ஆன ஓபிக்குக் கொடுக்கப்பட்டது.

இன்னிக்கு ஒரே பட்டனில் ஆயிரம் ராட்சசர்களை மோதவிட முடியுது. ஜெயிச்சவனைக் காட்டிட்டு அடுத்த சீனுக்குத் தாவுறதும் சுலபம். அடுத்த தடவை ஏதாவது ஒரு மான்ஸ்டர் படமோ, அனிமேவோ, கேமோ பார்க்கிறப்போ, தோத்த மிருகம் தரையில் விழுந்த பிறகு வர்ற 10 விநாடியை மட்டும் கவனிங்க. கேமரா அது மேல கொஞ்சம் நிக்குதா, இல்லை தாண்டிப் போயிடுதா? அந்தப் படத்தை எடுத்தவங்க அந்த மிருகத்தை உயிரா நினைச்சாங்களா, வெறும் பொருளா நினைச்சாங்களான்னு அங்கேயே தெரிஞ்சிடும். ஓபியோட 1933 சண்டைக் காட்சியை போனில் தேடிப் பார்க்க நேரம் கிடைச்சா, தாடை சீன் வர்ற வரைக்கும் ஸ்கிப் பண்ணாம பாருங்க!